தேற்றுவதா, மாற்றுவதா? வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் கணக்கு

2025 அக்டோபர் 1 அன்று ஆயுத பூஜை. பெங்களூரில் அன்றைக்கு ஆட்டோ, பைக், தையல் மிஷின், வெல்டிங் செட் எல்லாவற்றுக்கும் பூவும் குங்குமமும் உண்டு. வீட்டு மூலையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் மானிட்டர் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு விழும். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதைச் சுற்றி வந்த எச்சரிக்கைகளைப் பார்த்துப் பல வீடுகளில் வாக்குவாதம் கிளம்பியது. "இன்னும் ஓடிக்கிட்டுதானே இருக்கு?" என்பார் அப்பா. "ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுதுப்பா" என்பாள் மகள்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால்தான் இந்த விஷயத்தில் முடிவெடுப்பது சிரமமாக இருக்கிறது.

ஆதரவு நின்றது என்றால் கம்ப்யூட்டர் நின்றுபோகும் என்று பொருளில்லை. மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது, அவ்வளவுதான். ஆனால் பேங்க் வேலை, வருமான வரி வேலை நடக்கிற வீட்டில் அது சின்ன விஷயமல்ல. தனிநபர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு உண்டு. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் அதற்குக் காசும் வேண்டாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அந்தப் பதிவு இருக்கிறது. ஆற அமர யோசிக்க இது அவகாசம் தரும்.

இந்த நிறுத்தத்தால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணித்தது. அவற்றில் பெரும்பாலானவை உடைந்தவையல்ல. அடுத்து வந்த விண்டோஸ் 11 போட்ட தகுதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோனவை.

வயதை வைத்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. "பத்து வருஷம் ஆச்சு, போதும்" என்பதும் தவறு, "நல்லாத்தான் ஓடுது, விடு" என்பதும் தவறு. பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு பாகம் வாங்கப் போகும்போது, நாளைக்கு இந்தப் பெட்டியே போனாலும் அந்தப் பாகம் அடுத்த கம்ப்யூட்டருக்குக் கூட வருமா என்று பாருங்கள். வரும் என்றால் தாராளமாகச் செலவு செய்யலாம். வராது என்றால் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பகம்) வரும், மானிட்டர் வரும், கீபோர்டு, யுபிஎஸ் வரும். பழைய ராம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம்) வராது, மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் உட்காரும் தாய்ப் பலகை) வராது, ப்ராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை) வராது. இந்த ஒரு அளவுகோலே பாதி சண்டையைத் தீர்த்துவிடும்.

அல்சூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2014-இல் பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், பதினெட்டரை இஞ்ச் மானிட்டர். அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் வீடுகளில் பாதிக்கு மேல் இதே பெட்டிதான். அப்பா பணி ஓய்வு பெற்றவர். பேங்க், வரி, கோயில் கமிட்டிக் கடிதங்கள் எல்லாம் அதில்தான். அம்மாவுக்கு யூடியூப். மகளுக்குக் கல்லூரி ப்ராஜெக்ட்.

இது ஸ்லோவாக இருக்கிறது என்றால், எது ஸ்லோ? கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு (ப்ராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். கம்ப்யூட்டர் தவிக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். இந்த வயதுப் பெட்டிகளில் பத்துக்கு எட்டில் ஒரே காட்சிதான்: டிஸ்க் கட்டம் சிவந்துபோய் 100 சதவீதத்தில் நிற்கும், சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதாவது மூளை களைத்துப்போகவில்லை. ஹார்ட் டிஸ்க் எடுத்துக் கொடுக்கட்டும் என்று காத்திருக்கிறது.

ஏன் இப்படி? ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு பூசிய தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி செகண்ட். வேண்டிய தகவல் தட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ அங்கே படிப்பான் நகர வேண்டும், பிறகு தட்டு சுற்றி வந்து அந்த இடம் அதன் அடியில் விழும்வரை காத்திருக்க வேண்டும். நகர்வதற்கு எட்டு, ஒன்பது மில்லி செகண்ட், காத்திருப்பதற்குச் சராசரியாக நான்கு. அதனால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்டால் ஒரு செகண்டுக்கு நூறு கேள்விக்குப் பதில் சொல்வதே பெரிய விஷயம். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் 5,400 சுற்று; அது இன்னும் மெதுவு. விண்டோஸ் ஆன் ஆகும்போது இப்படிப்பட்ட சின்னக் கேள்விகள் ஆயிரக்கணக்கில் வரும். கூடவே ஆன்டிவைரஸ் ஒரு பக்கம் துழாவும், அப்டேட் இன்னொரு பக்கம் இழுக்கும். பத்து நிமிடம் அங்கேதான் போகிறது.

எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை. அதே செகண்டில் அது பல்லாயிரம் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். பெட்டியில் அச்சடித்திருக்கும் "550 எம்பி வேகம்" என்பதைப் பார்த்து வாங்குகிறோம். உண்மையில் நமக்கு வித்தியாசம் தெரிவது அந்த வேகத்தால் அல்ல, காத்திருப்பு இல்லாமல் போவதால். அதனால்தான் எச்61 மாதிரிப் பழைய மதர்போர்டுகளில் டிஸ்க்கை மாட்டும் சாட்டா இணைப்பு பாதி வேகத்துக்கே இடம் கொடுத்தாலும், எஸ்எஸ்டி போட்டால் கம்ப்யூட்டர் மறுபிறவி எடுத்த மாதிரி இருக்கிறது. கடைக்காரர் "இந்த போர்டுக்கு எஸ்எஸ்டி வேஸ்ட் சார்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

எஸ்எஸ்டி, அடுத்த கம்ப்யூட்டருக்குக் கூடவே வரும் பாகமும்கூட. அடுத்து வாங்குவது டெஸ்க்டாப் என்றால் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். புது லேப்டாப் என்றால், அவற்றில் பலவற்றில் இந்தச் செவ்வக சாட்டா எஸ்எஸ்டிக்கு இடமே இருக்காது. அப்போது சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். எப்படியும் காசு வீண் இல்லை.

மாற்றுவதற்கு முன்னால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் "ரீஅலோகேட்டட் செக்டர்", "பெண்டிங் செக்டர்" என்ற இரண்டு வரிகளுக்கு எதிரில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்து, அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டும் போனால் தட்டு கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே போட்டோக்களையெல்லாம் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும். பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்ற பேச்சு அப்புறம்.

ராம் கதை வேறு. 4 ஜிபியில் விண்டோஸ் 10-உம் குரோமும் சேர்ந்து ஓடினால் மூச்சுத் திணறும். 8 ஜிபி ஆக்கினால் நிம்மதி. ஆனால் நான்காம் தலைமுறைப் பெட்டிக்கு டிடிஆர்3 ராம் வேண்டும். டிடிஆர்4 அதில் ஏறாது, டிடிஆர்5-உம் ஏறாது. ராம் அட்டையின் அடியில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் வேறு. அதாவது இன்று வாங்கும் டிடிஆர்3 இந்தப் பெட்டியோடே போய்ச் சேரும். எஸ்.பி. ரோட்டில் கழற்றிய பழைய டிடிஆர்3 கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதை வாங்குங்கள், தப்பில்லை, ஆனால் குறைந்த விலைக்கு. இதற்குப் புது விலை கொடுப்பது கூடாது.

ராம் விலையில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை மளமளவென்று ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. நம் ஊர்க் கடைகளில் சர்வசாதாரணமாகப் புழங்கிய குரூஷியல் பிராண்டை மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ராமும் எஸ்எஸ்டியும் விலையேறினால் புது கம்ப்யூட்டரும் விலையேறும். இரண்டு வருடம் முன்னால் "இதுக்குச் செலவு பண்ணறதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பெட்டிகளுக்கு இன்று அதே பதிலைச் சொல்ல முடியாது.

இனி, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டிய சில்லறை விஷயங்கள். இவற்றில் பாதி நோய்கள் நோயே அல்ல.

ஆன் செய்த ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, பேங்க் தளம் திறந்தால் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று மிரட்டுகிறது என்றால், வைரஸ் இல்லை. மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு அளவுப் பேட்டரி ஒன்று இருக்கிறது, மூன்று வோல்ட். பவரை எடுத்துவிட்டாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்தால் தேதி தவறும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று பிரௌசர் சரிபார்க்கும்போது, கம்ப்யூட்டர் அது இன்னும் பிறக்கவே இல்லாத காலத்தில் நின்றுகொண்டிருக்கும். ஐம்பது ரூபாய் பேட்டரி. இதற்காகப் பெட்டியையே மாற்றியவர்கள் உண்டு.

கரண்ட் ஒரு நொடி மினுக்கினாலே கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிறதா? யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி செத்திருக்கும். அது இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் வருவது அபூர்வம். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை, பீப் பீப் என்று சத்தம் வருகிறதா? ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டிப் பாருங்கள். எந்தக் கடையிலும் முதலில் செய்வது அதைத்தான். அரை மணி நேரத்தில் சூடாகி நின்றுவிடுகிறதா? ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேனுக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவில், பத்து வருடத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். அதை ஊதித் தள்ளி, ப்ராசஸரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிது வைத்தால் போதும்.

பெட்டியைத் திறந்த கையோடு மதர்போர்டையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். ப்ராசஸரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் நிற்கும், கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தால், தலையில் பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தால், போர்டின் நாள் எண்ணப்படுகிறது. கெப்பாசிட்டரை மாற்றித் தருகிறேன் என்பார்கள், மாற்றவும் முடியும். ஆனால் அது அடுத்த கம்ப்யூட்டருக்குக் கூடவே வராத செலவு. போர்டு போன பெட்டிக்கு அதே வகைப் பழைய போர்டு தேடுவதும் அப்படித்தான். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

லேப்டாப் என்றால் ஒன்று மட்டும் சொல்கிறேன். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது, மூடினால் சரியாக மூடவில்லை என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் பேட்டரி அது. அதைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

சரி, எஸ்எஸ்டி போட்டு, ராம் ஏற்றி, தூசி தட்டியாயிற்று. அல்சூர் வீட்டுப் பெட்டி முப்பது செகண்டில் ஆன் ஆகிறது. ஆனாலும் அது நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு எட்டாம் தலைமுறை இன்டெல், அதாவது 2017-இல் வர ஆரம்பித்தவை; ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான மென்பொருளை மட்டும் ஆன் ஆக விடும் செக்யூர் பூட், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ3, ஐ5-க்கு அடுத்து வரும் எண்ணின் முதல் இலக்கம் அது: 4130 என்றால் நான்கு, 8100 என்றால் எட்டு, 12100 என்று ஐந்து இலக்கம் வந்தால் பன்னிரண்டு.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் அவசரப்பட்டு ஏமாறுகிறார்கள். எட்டாம் தலைமுறை, ஒன்பதாம் தலைமுறைப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் "உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியானதல்ல" என்று செய்தி வருவதுண்டு. அசெம்பிள் செய்த பல போர்டுகளில் டிபிஎம் வசதி இருக்கும், ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் அமைப்பு மென்பொருளில்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை ஆன் செய்து, செக்யூர் பூட்டையும் ஆன் செய்தால் அதே கம்ப்யூட்டர் தேறிவிடும். இதற்காக யாரும் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

நான்காம் தலைமுறைக்கு அந்த வழி இல்லை. தடையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்பவர்கள் எஸ்.பி. ரோடு முழுக்க இருக்கிறார்கள். போடவும் முடியும், ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் வேண்டும் என்பதற்காகத்தானே மாறுகிறோம்? அப்பாவின் பேங்க் வேலைக்கு அந்தத் தந்திரம் எனக்குச் சம்மதமில்லை.

மிச்சமிருப்பது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ். லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டால் நான்காம் தலைமுறை ஐ3 இன்னும் பல வருடம் ஓடும். மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. தமிழ் தட்டுவதற்கும் குறையில்லை: தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. யூடியூப், பேங்க், மெயில் எல்லாம் பிரௌசரில்தான் என்பதால் அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது. அப்பா டேலி வைத்திருந்தால், டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் பயன்படுத்தினால் தகராறு. பழைய லேசர் பிரிண்டர்களிலும் சிலது முரண்டு பிடிக்கும். நம் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் காணும் எச்பி லேசர்ஜெட் 1020-க்குத் தனியாக ஒரு பிளக்இன் இறக்கினால்தான் அச்சடிக்கும். வீட்டில் யாராவது ஒருவர் "நான் பார்த்துக்கறேன்" என்று பொறுப்பேற்றால் லினக்ஸ் நல்ல முடிவு. மகள் வேலை கிடைத்து ஹைதராபாத் போய்விடுவாள் என்றால், வாரா வாரம் போனில் "இது எங்கம்மா இருக்கு?" என்று அப்பா கேட்பதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அம்மாவின் யூடியூப்பைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. எஸ்எஸ்டியும் லினக்ஸும் தீர்க்காத ஒரு குறை அதில்தான் தெரியும். யூடியூப் இப்போது வீடியோக்களை விபி9, ஏவி1 என்ற புது வகைகளில் சுருக்கி அனுப்புகிறது. இன்டெல்லில் விபி9-ஐ முழுமையாகப் பிரித்துக் காட்டத் தனி வன்பொருள் வந்தது ஏழாம் தலைமுறையில். ஏவி1-க்குப் பதினோராம் தலைமுறையில். நான்காம் தலைமுறையில் அந்த வேலை முழுக்க ப்ராசஸர் தலையில் விழுகிறது. ஃபேன் இரைவது அதனால்தான். பழைய எச்264 வகையையே கேட்டு வாங்கும் சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்றை பிரௌசரில் போட்டால், 1080 தரத்துக்கு மேல் போகாமல் இருந்தால், சத்தம் அடங்கும். பதினெட்டரை இஞ்ச் மானிட்டருக்கு அதுவே அதிகம்.

கோயில் கமிட்டிக் கடிதங்கள்

பெட்டியை மாற்றுகிற, ஃபார்மட் அடிக்கிற அவசரத்தில் தமிழ் வீடுகளில் தொலைவது ஒன்று உண்டு. கன்னடக்காரர்களுக்கும் நுடி எழுத்துருவோடு இதே தலைவலிதான். அப்பா பதினைந்து வருடமாகத் தட்டிய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், உறவினர் முகவரிப் பட்டியல் எல்லாம், எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடில் இருக்காது. பாமினியில் இருக்கும், வானவில்லில் இருக்கும், டேப், டாம் வகை எழுத்துருக்களில் இருக்கும். அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், குறியீடுகள் ஆகியவற்றின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. கோப்புக்குள் சேமித்திருப்பது வெறும் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான். எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். புதுக் கம்ப்யூட்டரில், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் "mk;kh" என்பது போன்ற கிறுக்கல் வரும்; வைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

தின்னவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரைக் கலைப்பதற்கு முன்னால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டால் போதும். பிறகு நேரம் கிடைக்கும்போது என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரியான கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். பாமினியில் இருப்பதை வானவில் என்று சொல்லி மாற்றினால் குப்பைதான் வரும் என்பதால், எந்தக் கோப்பு எந்த எழுத்துரு என்பதைப் பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே குறித்துவைப்பது புத்திசாலித்தனம். எந்தக் கடைக்காரரும் இதைச் செய்து தரமாட்டார். அவருக்கு டி டிரைவில் இருக்கும் போட்டோக்களை எடுத்துக் கொடுத்தால் பேக்கப் முடிந்தது.

எஸ்.பி. ரோட்டில் என்ன கிடைக்கும்

மாற்றுவது என்று முடிவானால் புதிதுதான் வாங்க வேண்டும் என்பதில்லை. பெங்களூருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இங்கே இருக்கும் ஐடி கம்பெனிகள் டெஸ்க்டாப்பையும் லேப்டாப்பையும் பெரும்பாலும் மூன்று, நான்கு வருட லீஸில் எடுக்கின்றன. லீஸ் முடிந்ததும் கூட்டம் கூட்டமாக அவை வெளியே வருகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று ஆபீஸ் வகைப் பெட்டிகள். டவுன்ஹால் பக்கத்தில் எஸ்.பி. ரோடு என்று சொல்லப்படும் சதர் பத்ரப்பா ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இவை அடுக்கிக் கிடக்கும். விலை சொல்பவர் இந்தியில் சொல்வார், பேரம் கன்னடத்தில் நடக்கும், உள்ளே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் பையன் நம் முகத்தைப் பார்த்துத் தமிழில் "அண்ணா, எட்டாவது ஜெனரேஷன் எடுத்துக்கோங்க, விண்டோஸ் பதினொன்னு ஓடும்" என்பான். அவன் பேச்சைக் கேட்கலாம்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் இன்று காசு கொடுத்து வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நான்காம் தலைமுறையைத் தேற்றுவது ஒன்று, இன்னொருவர் கழித்த நான்காம் தலைமுறையை விலைக்கு வாங்குவது வேறொன்று.

இங்கேதான் பெரிய வலை. "ஐ7, 16 ஜிபி, எஸ்எஸ்டி, கிராபிக்ஸ், பன்னிரண்டாயிரம்" என்று கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் விளக்கு சுழல ஒரு கம்ப்யூட்டர் நிற்கும். பெட்டி புதிது, விளக்கு புதிது, மதர்போர்டுகூடப் புதிது. பழைய எச்61 சிப்செட்டுக்கு இன்றும் புதுப் போர்டு அச்சடித்து விற்கிறார்கள். அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஐ7 மட்டும் 2011 வாக்கில் பிறந்த இரண்டாம் தலைமுறை 2600. அந்தக் காலத்தில் அது ராஜா, சந்தேகமில்லை. ஆனால் 2022-இல் வந்த சாதாரண ஐ3 12100, ஒற்றைக் கோர் வேகத்தில் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐ3 பெரிதா ஐ7 பெரிதா என்று கேட்கக் கூடாது. எந்த வருடத்து ஐ3, எந்த வருடத்து ஐ7 என்று கேட்க வேண்டும். விண்டோஸ் 11 முறையாக ஏறுமா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும்.

ஆபீஸ் பெட்டிகளிலும் குறை இல்லாமல் இல்லை. ஆப்டிபிளெக்ஸ் மாதிரியானவற்றில் உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் இணைப்பு முனையும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. சாதாரண எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்ட முடியாது. சின்னப் பெட்டி என்றால் பெரிய கிராபிக்ஸ் கார்டு நுழையாது. லேப்டாப் என்றால் முன்பு வைத்திருந்த கம்பெனியின் பூட்டு உள்ளே இருக்கலாம். கடையில் நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்து விண்டோஸை மறுபடி ஏற்றி இணையத்தில் இணைத்தவுடன் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு பாஸ்வேர்டு கேட்கும். அதனால் கடையிலேயே வைஃபையில் இணைத்து, ரீசெட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். பயாஸுக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். டெல் என்றால் பின்னால் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை டெல் தளத்தில் அடித்தால் அது எப்போது டெல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது, என்ன பாகங்களோடு வந்தது என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். வாரண்டி வாய்வார்த்தையாக இருந்தால் வாரண்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரை விட்டுவிடாதீர்கள். பழையதில் விஜிஏ இணைப்பு மட்டும்தான் இருக்கிறது, புதுப் பெட்டியில் எச்டிஎம்ஐ இணைப்பு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி மானிட்டரையும் தலையில் கட்டுவார்கள். நடுவில் மாட்ட ஒரு கன்வர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

அல்சூர் வீட்டுக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள், பழைய ராம் சல்லிசாகக் கிடைத்தால் ஏற்றுங்கள், 2026 அக்டோபர் வரை நீட்டிப்பில் ஓட்டுங்கள். அதற்குள் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ ஒரு ஆபீஸ் பெட்டி நல்ல விலைக்கு வந்தால் எஸ்எஸ்டியையும் மானிட்டரையும் யுபிஎஸ்ஸையும் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மகளுக்கு வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் என்று படிப்பு போனால் கணக்கே வேறு. அதற்குப் பழைய பெட்டி எதுவும் ஈடுகொடுக்காது, புதிதுதான் வாங்க வேண்டும். மொத்தத்தில் பழைய பெட்டிக்குப் போடும் காசு, பழையதைச் செப்பனிட்டு விற்கும் ஒரு நல்ல ரீஃபர்பிஷ்டு பெட்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கையை எடுத்துவிடுவது என் வழக்கம்.

"பழைய கம்ப்யூட்டர் கரண்ட் நிறைய தின்னும்" என்று ஒரு வாதம் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதியது 100 வாட் குறைவாக இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதுவே தாராளமான கணக்கு. நாளுக்கு 4 மணி நேரம் என்றால் மாதம் 12 யூனிட். யூனிட் 6 ரூபாய் வீதம் 72 ரூபாய். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருக ஜோதியில் வரும் வீடுகளில் அதுவும் பில்லில் தெரியாமலே போகலாம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது பேத்தல்.

ஆனால் ஒரு கம்ப்யூட்டரைச் செய்வதற்கு ஆகும் செலவு நம் பில்லில் வராமல் வேறெங்கோ வருகிறது. ஐ.நா. பல்கலைக்கழகம் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பதினேழு இஞ்ச் டப்பா மானிட்டரோடு ஒரு டெஸ்க்டாப்பைச் செய்ய 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர் ஆனதாகக் கணக்கிட்டார்கள். இன்றைய எண்கள் வேறாக இருக்கும், டப்பா மானிட்டரும் போய்விட்டது. என்றாலும் கையில் இருப்பதை இரண்டு வருடம் கூடுதலாக ஓட்டினால் மிச்சமாவது எவ்வளவு என்று அதிலிருந்து ஊகிக்கலாம். 2022-இல் உலகம் போட்ட மின்குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம்தான்.

மீதி எங்கே போகிறது என்று பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும். தெருவில் வரும் பழைய சாமான் வாங்கும் குஜிரிக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார். அங்கிருந்து போகும் போர்டுகளில் பலவற்றைத் திறந்தவெளியில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் செம்பும் தங்கமும் பிரிக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அந்த வேலையைச் செய்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். இத்தனைக்கும் முறையான மறுசுழற்சிக்கு இந்த ஊர் முன்னோடி. நாட்டின் முதல் அங்கீகரிக்கப்பட்ட மின்குப்பை நிலையங்களில் ஒன்றான ஈ-பரிசரா, பெங்களூருக்கு வெளியே தாபஸ்பேட்டையில் 2005-இல் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்குப்பை விதிகள், விற்ற பொருளைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன. நாம் வாங்கிய பிராண்டின் தளத்தில் திரும்பக் கொடுக்கும் வழி இருக்கும். அசெம்பிள் செய்த பெட்டிக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது, அதை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தில்தான் சேர்க்க வேண்டும்.

யாருக்குக் கொடுத்தாலும், ஹார்ட் டிஸ்க்கோடு கொடுக்காதீர்கள். டெலீட் செய்வதும் குயிக் ஃபார்மட் அடிப்பதும் தகவலை அழிப்பதில்லை, அது இருக்கும் இடத்தின் பட்டியலை மட்டும்தான் அழிக்கின்றன; இலவச மென்பொருள் ஒன்றை வைத்தே பெரும்பகுதியை மீட்டுவிடலாம். ஆதார் ஸ்கேன், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், மகள் பத்தாவது மார்க் ஷீட் எல்லாம் அதில் இருக்கும். முழு டிஸ்க்கின் மீதும் ஒரே ஒருமுறை பூஜ்யம் எழுதி அழித்தால் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குப் போதுமானது. எஸ்எஸ்டிக்கு அது சரிவராது. தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் செக்யூர் எரேஸ் என்று இருப்பதைப் பயன்படுத்த வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்க்கை எடுத்துப் பீரோவில் போட்டுவிட்டு மீதியைக் கொடுங்கள். டிஸ்க் இல்லை என்று சொல்லி விலையில் நூறு, இருநூறு குறைப்பார்கள். குறைத்துக்கொள்ளட்டும்.